எந்தப் பறவை என்பதற்கு முன், எந்த இடத்து இறகு?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பெரிய புறாக்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். உயர்ந்த மரங்களின் உச்சியில், பழம் இருக்கும் கிளையில் அவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். அடித்தொண்டையிலிருந்து கனமாக எழும் குரல் வரும், திசை தெரியாது. அண்ணாந்து தேடினால் இலைகளுக்கு நடுவே சாம்பல் நிற வயிறு ஒரு கணம் தென்படும், அதற்குள் படபடவென்று இறக்கையடித்துப் பறந்துவிடும். தரைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இறகுதான். அந்த இறகைக் குனிந்து எடுப்பவர் முதலில் கவனிப்பது அதன் நிறத்தை. பிறகு பறவைக் கையேட்டைப் புரட்டி, அந்த நிறம் எந்தப் படத்தில் இருக்கிறது என்று தேடுகிறார். இயல்பாக வரும் வழி இதுதான் என்றாலும், தவறான பெயரில் போய் முடிவதற்கு மிகவும் வாய்ப்புள்ள வழியும் இதுவே. இது எந்தப் பறவையுடையது என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் எந்த இடத்தில் முளைத்த இறகு இது என்பதே முதலில் கேட்க வேண்டியது. இந்த வரிசையை மாற்றினால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறமே நம்மை ஏமாற்றிவிடும்.

எடுத்துக்காட்டுக்கு நம் மலைகளில் வாழும் மூன்று பெரிய புறாக்களை வைத்துக்கொள்வோம். இரண்டு, டுகுலா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்று, அடிவாரத்துப் பசுமைமாறாக் காடுகளிலும் ஈர இலையுதிர் காடுகளிலும் வாழும் பச்சைப் பெரும்புறா. லின்னேயஸ் 1766-இல் விவரித்த டுகுலா ஏனியா இதுதான். முதுகும் இறக்கையும் வெண்கலப் பச்சை, தலையும் மார்பும் வெளிர்ச் சாம்பல். இன்னொன்று, அதைவிட மேலேறி மலைக்காடுகளை விரும்பும் மலைப் பெரும்புறா. நம் பக்கத்தில் வாழும் வகையை ஜெர்டன் 1840-இல் குப்ரியா என்று பெயரிட்டு விவரித்தார். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றியபடியே தென்னிந்தியப் பறவைகளைப் பதிவு செய்தவர் அவர். அதன் முதுகு ஆலிவ் கலந்த பழுப்பு. இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் உறவினர்களிலிருந்து இதைத் தனி இனமாகவே பிரிக்கும் வகைப்பாட்டாளர்களும் உண்டு. மூன்றாவது நீலகிரிக் காட்டுப்புறா, கொலம்பா எல்ஃபின்ஸ்டோனி. நம் ஊர் மாடப்புறாவின் பேரினம். சைக்ஸ் 1832-இல் இதை விவரித்தபோது, முன்பு பம்பாய் ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டனின் பெயரைச் சூட்டினார். இது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் வாழ்கிறது. உலகப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. மாடப்புறா சுமார் 33 செ.மீ. நீளம். பெரும்புறாக்கள் இரண்டும் 43 செ.மீ.க்கு மேல். காட்டுப்புறா இவற்றுக்கு நடுவில் நிற்கிறது.

இப்போது ஒரு செம்பழுப்பு இறகு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையேட்டைப் புரட்டுபவர் செம்பழுப்பு முதுகோடு உட்கார்ந்திருக்கும் நீலகிரிக் காட்டுப்புறாவைப் பார்த்ததும் நின்றுவிடுவார். முழுப் பக்கத்திலும் அந்த நிறத்தில் பெரிதாகத் தெரிவது அந்த முதுகுதானே. ஆனால் பச்சைப் பெரும்புறாவின் வாலடியை மூடியிருக்கும் இறகுகளும் செம்பழுப்புதான். பக்கவாட்டில் வரைந்த படத்தில் அது கால்களுக்குப் பின்னால் ஒரு சிறு திட்டாகத்தான் இருக்கும், கண்ணில் படாமலேயே போகலாம். இரண்டையும் நிறத்தால் பிரிக்க முயன்றால், எது கூடுதல் சிவப்பு, எது கூடுதல் பழுப்பு என்று முடிவில்லாமல் வாதிடலாம். இடத்தைக் கேட்டால் சிக்கல் அவிழ்ந்துவிடும். முதுகின் இறகு குட்டையானது, அகலமான வட்ட நுனி கொண்டது. ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுவதால் வெளியே தெரியும் நுனிப்பகுதியில்தான் அதன் முழு நிறம் இருக்கும், மறைந்திருக்கும் அடிப்பகுதி மங்கிய சாம்பல். வாலடி இறகு நீண்டது, ஒடுங்கியது, தொட்டால் தளர்வாக இருக்கும், அடிப்பாதி முழுக்க மென்தூவி. வடிவத்தைப் பார்த்து இடத்தைச் சொல்லிவிட்டால், நிறம் அப்போதுதான் சாட்சியாகிறது. வாலடி இறகு செம்பழுப்பு என்றால் பச்சைப் பெரும்புறா. வாலடி இறகு வெளிறிய மங்கல் வெள்ளை என்றால் மலைப் பெரும்புறா. சாம்பல் என்றால் காட்டுப்புறா. நிறம் அதேதான். இடம் தெரியாதபோது திசைதிருப்பியது, இடம் தெரிந்ததும் பதில் சொல்கிறது.

இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இறகின் நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள மடல்களின் அகலத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சிறகின் வெளிநுனியில் உள்ள பத்து பறப்பு இறகுகளில் காற்றைக் கிழித்துப் போகும் முன்பக்க மடல் மிகக் குறுகியது, பின்பக்க மடல் அகலமானது. உடலை ஒட்டிய பறப்பு இறகுகளில் அந்த வேறுபாடு குறைந்து, தண்டு வளைந்திருக்கும், நுனி மழுங்கியிருக்கும். வாலின் நடு இறகுகளில் இரண்டு மடலும் ஏறத்தாழச் சமம், தண்டு நேர். வாலின் ஓரத்துக்குப் போகப் போக மறுபடியும் ஒரு பக்கம் குறுகும். மார்பு, முதுகு, வயிற்று இறகுகள் சிறியவை, அடியில் தூவி மிகுந்தவை. இது பழகிவிட்டால் எந்தப் பறவையின் இறகு கிடைத்தாலும் கண் தானாகவே முதலில் மடல்களுக்குத்தான் போகும்.

இடம் தெரிந்தபின் அடுத்த கேள்வி, இது புறாவே தானா என்பது. பளபளக்கும் பச்சையைக் கண்டதும் புறா என்று எழுதிவிட முடியாது. மயிலின் உடலிலும் அந்தப் பளபளப்பு உண்டு, காட்டுச் சேவலின் வாலிலும் உண்டு. இங்கே நம்பத்தக்க அடையாளம் இறகின் அடியில் இருக்கிறது. மயில், காட்டுக்கோழி போன்றவற்றின் உடலிறகைத் திருப்பி, குழலும் மடலும் சேரும் இடத்தைப் பார்த்தால், அங்கிருந்து இரண்டாவதாக ஒரு குட்டி இறகு, முழுக்கத் தூவியாக, தனியே கிளம்பியிருக்கும். புறாக்களில் இந்தத் துணை இறகு இல்லை, அல்லது இருந்தும் இல்லாதது போலத்தான். புறாவின் உடலிறகுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்டு அடியில் அதன் அளவுக்குப் பொருந்தாதபடி தடித்து, மேலே போகையில் சட்டென்று மெலியும். பறப்பு இறகு என்றால் குறுக்குப் பட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வல்லூறு, ஆந்தை போன்றவற்றின் பறப்பு இறகுகளில் பட்டைகள் சாதாரணம், நம் பெரிய புறாக்களில் அவை கிடையாது. மயிலின் வெளிச்சிறகு இறகுகள் துருச்சிவப்பு. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப் புறாவின் பச்சையும் குழப்பக்கூடும். ஆனால் அது சிறிய பறவை. அதன் பச்சை இறக்கையை மூடும் இறகுகளில்தான் இருக்கிறது, பறப்பு இறகுகளின் உள்மடலில் செம்பழுப்பு ஓடும்.

புறாக்களின் இறகில் படியும் பொடியையும் சொல்லியாக வேண்டும். மற்றப் பல பறவைகள் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியைக் கொத்தி எண்ணெயெடுத்து இறகில் பூசிக்கொள்ளும். புறாக்களில் அந்தச் சுரப்பி சிறியது, சில இனங்களில் இல்லவே இல்லை. அதற்கு ஈடாக, உடலில் ஊடே ஊடே உள்ள சிறப்பு இறகுகள் மிக நுண்ணிய பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அதுதான் எல்லா இறகிலும் படிகிறது. வீட்டுச் சன்னல் கண்ணாடியில் மோதிய புறா, மாக்கோலம் போட்டதுபோல் விரித்த இறக்கையின் அச்சை விட்டுப் போவது இதனால்தான். பெரும்புறாக்களின் பறப்பு இறகுகளில் காணும் நீலச்சாம்பல் மெருகு இந்தப் பொடியும் சேர்ந்தது. விரலால் தடவினாலோ நாலு மழையில் நனைந்தாலோ அது போய்விடும். அடியில் இருக்கும் கருமையோ பழுப்போ வெளிப்படும். ஆகவே தரையில் கிடந்து நனைந்த இறகின் நிறமும், பறவையின் உடலில் இருந்தபோது அதற்கிருந்த நிறமும் ஒன்றல்ல.

நிறத்தைப் பற்றிய என் சந்தேகத்துக்கு ஆழமான காரணம் வேறு. இறகில் நாம் காணும் நிறங்கள் எல்லாம் ஒரே முறையில் உண்டாவதில்லை. செம்பழுப்பும் கருப்பும் நிறமிகள். இறகின் இழைகளுக்குள் படிந்திருக்கும் மெலனின் வகைகள் அவை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதே நிறம்தான், வெயிலில் நாளாக ஆக மெல்ல வெளுக்கும். வெண்கலப் பச்சை அப்படியல்ல. அங்கே பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. மிக நுண்ணிய இழைகளின் மேலுறையாக உள்ள கெரட்டின் படலம் ஒளியைப் பிரதிபலிக்கும் விதத்தில் சில அலைநீளங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிகின்றன. அதனால் சாய்க்கச் சாய்க்கப் பச்சை, செம்பு, நீலம் என்று மாறும். நிழலில் வெறும் பழுப்பாகவும் தோன்றும். அதே இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடாகப் பார்த்தால் பச்சை மறைந்து மெலனினின் கருமை மட்டும் மிஞ்சும். ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு, இது பச்சை முதுகா ஆலிவ்பழுப்பு முதுகா என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு நம்பத்தகாதது என்று இதிலிருந்து தெரியும். இரண்டு பெரும்புறாக்களையும் பிரிக்க முதுகிறகு மட்டுமே இருந்தால், சாய்த்தும் திருப்பியும் பல கோணங்களில் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது.

வாலிறகு கிடைத்தால் அது பெரும் பேறு. மலைப் பெரும்புறாவின் வால் அடியில் கருத்து, நுனியில் அகலமான வெளிர்ச் சாம்பல் பட்டையோடு முடியும். பச்சைப் பெரும்புறாவின் வால் மேலே முழுக்க இருண்ட வெண்கலப் பச்சை, பட்டை இல்லை. காட்டுப்புறாவின் வால் கருஞ்சாம்பல். நிறத்தின் சாயலைவிட, நிறங்கள் இறகில் பகிர்ந்திருக்கும் ஒழுங்கு நிலையானது. மங்கினாலும் நனைந்தாலும் இருட்டும் வெளிச்சமும் பிரியும் கோடு அதே இடத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மெலனின் இறகை உறுதியாக்குகிறது, வெளிறிய பகுதி முதலில் தேயும். பழைய வாலிறகில் நுனிப்பட்டை குறைந்திருந்தால் அதை வைத்து இனத்தை மாற்றிவிடக் கூடாது. அதேபோல் உறுதியான இன்னொரு சான்று, காட்டுப்புறாவின் பின்கழுத்து இறகு. கருப்பில் வெள்ளை நுனி. அத்தகைய இறகுகள் சேர்ந்துதான் அதன் கழுத்தில் சதுரங்கக் கட்டம் போன்ற திட்டு உண்டாகிறது. விரல் நகத்தளவு இறகுதான், இருந்தாலும் வேறு பெரும்புறா எதனிடமும் இல்லாததால் ஒன்று கிடைத்தாலே போதும். முழு வாலே சிதறிக் கிடந்தால் எண்ணிப் பார்க்கலாம். டுகுலா பேரினத்தில் வாலிறகுகள் 14, கொலம்பாவில் 12.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. காட்டில் ஒரு இறகை எங்கே எடுத்தோம் என்பது தெரிந்திருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். அடிவாரத்தில் கிடைத்தால் பச்சைப் பெரும்புறா, உச்சிமலையில் கிடைத்தால் மலைப் பெரும்புறா. இடவரம்பு வலுவான சான்று என்பதை ஏற்கிறேன். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மலைப் பெரும்புறா கிடையாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது பச்சைப் பெரும்புறாவின் ஒரே துணையினம். ஆக, இலங்கையின் தாழ்நிலக் காட்டில் டுகுலாவின் இறகு என்று தெரிந்தாலே இனம் முடிவாகிவிடும். அதேபோல் அந்நாட்டு மலையகத்தில் சதுரங்கக் கழுத்திறகு கிடைத்தால் அது நீலகிரிப் பறவையுடையதாக இருக்க முடியாது. அந்தத் தீவுக்கே உரிய கொலம்பா டாரிங்டோனியேயின் இறகாகத்தான் இருக்கும். தீவில் எல்லை கடல், அது நகராது. மலைச்சரிவில் அப்படியில்லை. பழம் பழுக்கும் பருவத்தைத் தொடர்ந்து இந்தப் புறாக்கள் மேலும் கீழும் நகர்கின்றன. எந்த இனம் எந்த உயரம்வரை வருகிறது என்பதைத்தான் இறகிலிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்றால், உயரத்தை வைத்தே இனத்தைத் தீர்மானிப்பது விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கட்டுவதாகும். இடவரம்பு, இறகு சொன்னதைச் சரிபார்க்கட்டும். இறகுக்குப் பதிலாக அது பேசக் கூடாது.

புறாக்களின் இறகு மிக எளிதில் உதிரும் என்பதால் இன்னொரு தவறும் நேர்கிறது. பயந்தாலோ பிடிபட்டாலோ வாலிறகுகளையும் முதுகிறகுகளையும் கொத்தாக உதிர்த்துவிட்டுப் பறந்துவிடும். வேட்டையாடியின் பிடியில் இறகு மட்டும் மிஞ்சும். அதனால் ஒரு குவியல் இறகைக் கண்டதும் பறவை இறந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. குழல்களின் அடியைப் பார்க்க வேண்டும். வல்லூறு போன்ற பறவை பிடுங்கியிருந்தால் குழல் முழுதாக இருக்கும், சில சமயம் தண்டில் அலகு பதிந்த வடு தெரியும். பூனை இனமோ மரநாயோ தின்றிருந்தால் குழல்கள் கடித்து நறுக்கப்பட்டு, இறகுகள் எச்சிலில் ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும். பறப்பு இறகுகளும் ஏராளமாகச் சேர்ந்து கிடந்தால் மட்டுமே மரணம் என்பது பெரும்பாலும் சரி.

இதையெல்லாம் விட்டுவிட்டு மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் ஆயிற்று என்பது இந்தக் காலத்தின் மறுப்பு. முறைப்படி செய்தால் அது மிக உறுதியானது. ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் அங்கமான லாகோன்ஸ் ஆய்வகம், வனக்குற்ற வழக்குகளில் சிறு திசுத் துண்டிலிருந்து விலங்கின் இனத்தைச் சொல்லும் முறையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாக்கியது. இறகிலும் குழலின் உள்ளே உறைந்திருக்கும் இரத்தத் துளியிலிருந்து மரபணு கிடைக்கும். ஆனால் மழைக்காட்டின் ஈரத்தில் பல நாள் கிடந்த இறகில் அது சிதைந்துவிடும். வழியில் கண்ட ஒவ்வொரு இறகையும் ஆய்வகத்துக்கு அனுப்புவதும் நடக்காது. ஆய்வகங்களும் கண்ணால் பார்ப்பதைக் கைவிடவில்லை. 1960 அக்டோபரில் பாஸ்டனில் ஒரு பயணிகள் விமானம் புறப்பட்ட சில நொடிகளில் விழுந்து 62 பேர் இறந்தார்கள். என்ஜினில் சிக்கியிருந்தவை மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகள் என்று இறகை வைத்துச் சொன்னவர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ராக்ஸி லேபோர்ன். அவர் வளர்த்தெடுத்த முறை, தூவியின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியில் பார்ப்பது. புறாக்களின் நுண்ணிழைகளில் பூ விரிந்தது போன்ற கணுக்கள் உண்டு. நசுங்கிய ஒரு துணுக்கிலும் அது தெரியும். ஆனால் நுண்ணோக்கி புறா என்ற அளவில் நின்றுவிடும். எந்தப் புறா என்பதற்கு முழு இறகையும் அருங்காட்சியகத்தில் உள்ள பாடம் செய்த பறவையோடு வைத்துப் பார்க்கிறார்கள். உடம்பில் இந்த இறகு எங்கே இருந்தது என்ற கேள்வி அங்கேயும் வந்துவிடுகிறது. இந்தியாவில் 2021-இல் தொடங்கிய இறகு நூலகம் ஒவ்வொரு பறவையின் சிறகையும் வாலையும் விரித்துப் படமெடுத்து இணையத்தில் வைப்பதும் இதற்கு உதவத்தான்.

இவ்வளவு சிரமம் ஒரு புறாவுக்குத் தகுமா என்பவர்களுக்கு, தகும் என்றே சொல்வேன். காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை முழுதாக விழுங்கி வேறிடத்தில் போடக்கூடிய பறவைகள் நம் மலைகளில் மிகச் சில. இருவாச்சிகளுக்கு அடுத்தபடியாக அந்த வேலையைச் செய்பவை பெரும்புறாக்கள். விரிந்துகொடுக்கும் அலகின் அடிப்பகுதிதான் அதற்கு உதவுகிறது. அவை ஓர் ஈட்டுக்கு இடுவது ஒரே ஒரு முட்டை. எண்ணிக்கை குறைந்தால் மீள நாளாகும், அவை போன காட்டில் சில மரங்களின் கன்றுகள் தாய்மரத்தடியை விட்டு நகராது. மரத்தின் உச்சியிலிருந்து இறங்காத பறவையின் இருப்பைத் தரையில் பதிவு செய்ய இறகு ஒரு வழி. தவறான பெயரில் எழுதப்பட்ட பதிவு, பதிவே இல்லாததைவிடக் கேடு. இல்லாத இடத்தில் ஓர் இனம் இருப்பதாக அது நம்ப வைத்துவிடும்.

எனவே பதிவில் எழுதும் முடிவு, சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் போக வேண்டும். 'புறா, மார்பு இறகு, பெரும்புறாவாக இருக்கலாம்' என்று எழுதுவது குறையல்ல. மார்பின் சாம்பல் இறகு அதற்கு மேல் சொல்லாது. 'மலைப் பெரும்புறா, வாலிறகு, நுனிப்பட்டை தெளிவு' என்றால் அது முழுப் பதிவு. இறகை வீட்டுக்கு எடுத்து வரவும் தேவையில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இறகையும் விலங்கின் உடற்பகுதியாகவே கருதுகிறது, காட்டிலிருந்து எதையும் எடுத்துச் செல்வது குற்றமாகலாம். அளவுகோலை அருகில் வைத்து மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, குழலும் தூவியும் தெரியும்படி அடிப்பகுதி ஒன்று, ஒளியில் சாய்த்து இரண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று எனப் படமெடுத்து, தேதியையும் இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, இறகைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.